ஏழு குன்றும் ஒரு மஞ்சள் வண்டியும்

யாழ்ப்பாணத்தவருக்கு மலை என்றால் இன்னதென்று தெரியாது எனக் கண்டியிலுள்ள என் நண்பர் ஒருவர் பரிகசிப்பதுண்டு. "உங்கள் பகுதியில் மலை என்று பெயர் பெற்றது கீரிமலை ஒன்றுதான். அங்கு வந்து பார்த்தேன், கேணி இருந்தது, கடல் இருந்தது, மலையைத்தான் காணவில்லை" என்பார். உண்மைதான். பனை மரத்தின் உயரமே உயரம் என எண்ணி வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய சமதரை மனிதனாகிய எனக்கு, எழுபது வயது கடந்த பின்னர், ஏறுவதும் இறங்குவதுமன்றி வேறு நடையில்லாத ஒரு நகரத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அந்த நகரம் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன்.

இலண்டனில் வாழும் எங்கள் மகள் 2024 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எங்களை அங்கு அழைத்துச் சென்றாள். போய்ச் சேர்ந்த மறுநாளே அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. "அம்மாவும் அப்பாவும் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். ட்ராமில் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கோ" என்று கூறி, நாட்சீட்டுகள் இரண்டை வாங்கிக் கையில் தந்தாள். என் மனைவிக்கு இரு முழங்கால்களிலும் வாதம். லிஸ்பன் நகரின் நடைபாதைகளோ வெள்ளையும் கறுப்புமான சிறு கற்களைச் சதுரஞ் சதுரமாகப் பதித்து அமைத்தவை. பார்வைக்குக் கோலம் போட்டது போலிருக்கும், பாதத்திற்கோ எண்ணெய் தடவியது போல வழுக்கும். நகரத்திற்கு ஏழு குன்றுகள் என்பது மரபு. நொந்த முழங்காலுக்கு அவை எழுபது. ஆதலால் ட்ராம் வண்டியே எங்களுக்குக் கதியாயிற்று.

ட்ராம் என்றதும் எனக்குத் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். விடுமுறைக்குச் சென்றால் மருதானையிலிருந்து கோட்டைவரை ட்ராமில் அழைத்துச் செல்வார். மணியோசையும், தலைக்கு மேலே கம்பியில் தெறிக்கும் நீலப் பொறியும் இன்றும் நினைவில் உள்ளன. 1899 இல் ஓடத் தொடங்கிய கொழும்பு ட்ராம் 1960 இல் நிறுத்தப்பட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அந்த மணியோசையைக் கேட்பேன் என்று நான் கனவிலும் எண்ணவில்லை.

மனத்திலிருந்த கசப்பு

இன்னொன்றையும் மறைக்காமற் கூறிவிட வேண்டும். நான் முப்பது ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன். 1619 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் நல்லூரைக் கைப்பற்றியதையும், சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்துக் கோவைக்குக் கொண்டுபோய்க் கொன்றதையும், கோயில்களை இடித்ததையும் ஆண்டுதோறும் மாணவருக்கு எடுத்துச் சொன்னவன். சங்கிலித்தோப்பு வளைவைத் தாண்டித்தான் நாள்தோறும் பாடசாலைக்குச் சைக்கிளிற் போனேன். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று மகள் கூறியபோது மகிழ்ச்சியோடு ஒரு கசப்பும் உள்ளத்தில் எழுந்தது. "பார்க்கத்தானே போகிறோம். பழிவாங்கப் போகேல்லையே" என்றாள் மனைவி.

வண்டியும் அதன் வழியும்

லிஸ்பன் நகரில் முதலிற் குதிரைகளே ட்ராம் வண்டிகளை இழுத்தன. அது 1873 இல் தொடங்கியது. 1901 முதல் மின்சாரம் இழுக்கிறது. இன்று ஆறு வழிகள் எஞ்சியுள்ளன. அவற்றுட் புகழ் பெற்றது 28 ஆம் இலக்க வழி. மார்த்தீம் மொனீஷ் என்னும் சதுக்கத்திற் புறப்பட்டு, கிழக்கிலுள்ள குன்றுகளில் ஏறி, நடுவிலுள்ள சமதரையில் இறங்கி, மீண்டும் மேற்குக் குன்றுகளில் ஏறி, ஒரு மயானத்தின் வாயிலிற் போய் நிற்கிறது. மனித வாழ்க்கையும் இதுதானே என்று ஒரு சைவப் பிரசங்கியார் இவ்விடத்தில் விரித்துரைக்கக்கூடும். நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

வண்டி மிகச் சிறியது, மஞ்சள் நிறம், உள்ளே மரவேலைப்பாடு. தண்டவாளத்தின் அகலம் 900 மில்லிமீற்றர்தான். நமது யாழ்தேவி ஓடும் பாதையின் அகலமோ 1,676 மில்லிமீற்றர். சிறியதாயிருப்பதே அதன் பலம். அது நுழையும் தெருக்கள் சிலவற்றில் இருபுறத்து வீடுகளும் மிக நெருங்கி, யன்னலால் கையை நீட்டினாற் சுவரைத் தொடலாம் போலிருக்கும். அத்தெருக்களின் வளைவுகளிலே பெரிய வண்டி எதுவும் திரும்ப இயலாது. உலகின் பல நகரங்கள் பழைய ட்ராம்களைக் கைவிட்டபோது இந்நகரம் இவற்றைக் காத்துக்கொண்டதற்குப் பழைமைப் பற்று மட்டுமன்று, இந்த வளைவுகளும் காரணம். பழைய உடலைப் பேணி, இயந்திரத்தையும் தடுப்புகளையும் 1990களில் புதிதாக மாற்றியிருக்கிறார்கள்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு, ஏழடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றத்தில், பற்சக்கரமோ இழுக்கும் கயிறோ இன்றித் தன் பிடிப்பாலேயே ஏறுகிறது. மழை பெய்து பாதை வழுக்கினால், சில்லின் முன்னே மணலைத் தூவிப் பிடிப்பைப் பெறுகிறார்கள். சாரதி பித்தளைக் கைபிடியை ஒரு கையாற் சுழற்றி, காலால் மணியை அடித்து, வழியை மறித்து நிற்கும் மோட்டார் வண்டிக்காரனை வாயால் வைதுகொண்டு போகிறார். அந்த வசவின் சொல் விளங்காவிட்டாலும் பொருள் நன்கு விளங்கிற்று.

போக விரும்புவோருக்கு ஓர் அனுபவ வார்த்தை: காலை எட்டு மணிக்கு முன்னரே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். பத்து மணியானால் நல்லூர்த் தேர்த்திருவிழாக் கூட்டந்தான். சீட்டை வண்டிக்குள் வாங்கினால் விலை கூட. முன்னரே வாங்கிக் கொள்வது நன்று. பணப்பையை முன்பக்கம் வைத்திருப்பது அதனினும் நன்று.

சூரிய வாயில்

இந்நகரத்தார் குன்றின் விளிம்புகளில் எல்லாம் கைபிடிச் சுவர் கட்டி, மரம் நட்டு, வாங்குகள் போட்டு, நின்று பார்ப்பதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். அதனை மிராதோரு என்று அழைக்கிறார்கள். காட்சிமேடை என நாம் சொல்லலாம். காற்று வாங்குவதற்கும், காதல் புரிவதற்கும், ஓய்வூதியக்காரர் அரசியல் பேசுவதற்கும் அதுவே இடம்.

முதலில் நாங்கள் இறங்கியது போர்த்தாஸ் தோ சோல் என்னும் மேடையில். சூரிய வாயில்கள் என்பது அதன் பொருள். மூர் இனத்து முஸ்லிம்கள் ஆண்ட காலத்து மதிலின் வாயில் ஒன்று அங்கிருந்ததாம். கீழே அல்பாமா என்னும் பழைய பகுதி. சிவந்த ஓட்டுக் கூரைகள் ஒன்றன்மேலொன்று சரிந்து, தேஜு நதிவரை இறங்குகின்றன. நதி என்கிறேனே தவிர, அது அவ்விடத்திற் கடலைப்போல அகன்று கிடக்கிறது. மேடையில் நகரின் காவற் புனிதராகிய வின்சந்தர் கையில் ஓடம் ஏந்தி நிற்கிறார். ஓடத்தில் இரு காகங்கள். அவ்வோடமும் காகங்களுமே நகரத்தின் சின்னம். காகத்திற்கு இவ்வளவு மரியாதை தரும் இன்னோர் ஊரை நான் கண்டதில்லை. நாம் சனிக்கிழமை விரதத்தில் மட்டும் கூப்பிடுகிறோம்.

சில அடி தள்ளிச் சாந்தா லுசீயா மேடை. அங்குள்ள சிறு கோயிலின் புறச்சுவரில் நீல ஓட்டுச் சித்திரங்கள் இரண்டு உள்ளன. ஒன்று 1147 இல் கிறிஸ்தவர் இந்நகரைக் கைப்பற்றியதைக் காட்டுவது. கோட்டைக் கதவு மூடாமல் தன் உடலையே கொடுத்து மாண்டதாகக் கூறப்படும் வீரனின் பெயர்தான் மார்த்தீம் மொனீஷ். எங்கள் ட்ராம் புறப்பட்ட சதுக்கம் அவன் பெயரால் விளங்குவது. மற்றச் சித்திரம் நதிக்கரை அரண்மனைச் சதுக்கம் 1755 க்கு முன்னர் இருந்த கோலத்தைக் காட்டுவது. அதன் முன் நான் நெடுநேரம் நின்றேன்.

1755 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆந் திகதி, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணியளவில், கோயில்கள் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் எழுந்து வந்து கொண்டுபோயிற்று. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் சரிந்து மூண்ட தீ நாட்கணக்காக எரிந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். அரண்மனை அழிந்தது, அரசரின் நூலகம் அழிந்தது, இந்தியாவோடும் இலங்கையோடும் நடத்திய வாணிபத்தின் கணக்கேடுகளை வைத்திருந்த மாளிகையும் அழிந்தது. நமது அரசுகளைப் பற்றி அவர்கள் எழுதிவைத்த கடிதங்கள் எத்தனை அன்று சாம்பலாயினவோ!

இதனை நான் சொல்லிக்கொண்டிருக்க, மனைவி சித்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடலும் வந்து, நூலகமும் எரிஞ்சு... பாவம், அவையளும் பட்டிருக்கினம்" என்றாள். 1981 இல் எங்கள் நூலகம் எரிந்த இரவில் வானம் சிவந்ததை எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தவள் அவள். 2004 இல் கடல் கொண்ட உறவினர் வடமராட்சியில் எங்களுக்கும் உண்டு. நான் ஒன்றும் பேசவில்லை.

அந்தோனியார் பிறந்த ஊர்

அங்கிருந்து வண்டி பேராலயத்தைக் கடந்து இறங்குகிறது. அதன் அருகே சிறியதொரு கோயில். புனித அந்தோனியார் பிறந்த இடம் அதுவென்கிறார்கள். பதுவைப் பதியர் என்று நாம் பாடும் அந்தோனியார் உண்மையில் லிஸ்பனிற் பிறந்தவர். பதுவை என்ற சொல்லைக் கேட்டால் இவ்வூரார் முகஞ் சுளிக்கிறார்கள். பாஷையூரிலும் கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் நம்மவர் சாதி சமயம் பாராது நேர்த்தி வைக்கும் அந்தப் புனிதரின் திருநாள் யூன் 13. முதல் நாளிரவு அல்பாமாத் தெருக்களெங்கும் கடதாசித் தோரணம் கட்டி, வாசல்தோறும் அடுப்பு மூட்டிச் சாளை மீன் சுடுகிறார்கள். நாங்கள் போனது அதற்குச் சில நாள் முன்னர். தோரணங்கள் ஏறிவிட்டன, புகையும் மெல்லத் தொடங்கிவிட்டது.

கடைகளில் சிறு சட்டிகளில் உருண்டையாக வளர்த்த ஒரு செடி விற்கிறார்கள். இத்திருநாளிற் காதலர் ஒருவருக்கொருவர் கொடுப்பதாம். மூக்கை அதன்மேல் வைத்து முகரலாகாது. கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும் என்பது விதி. மனைவி அவ்வாறே முகர்ந்து பார்த்து, "துளசியின்ரை தங்கச்சி" என்றாள். அது துளசிக் குடும்பந்தான். முகரும் விதியை இவர்களுக்கு எவர் கற்பித்தாரோ தெரியாது. பூசைக்குரியதை முகரலாகாது என்று என் பாட்டியார் கடிந்து சொன்னது நினைவிற்கு வந்தது.

மேற்குக் குன்றுகள்

நடுவிலுள்ள சமதரை, நிலநடுக்கத்தின் பின் போம்பால் என்னும் அமைச்சரின் ஆணையால் நூல் பிடித்தாற்போலக் கட்டப்பட்டது. சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களைக் கூடுபோலப் பின்னி, நிலம் அசைந்தால் வீடும் சேர்ந்து அசைந்து நிற்குமாறு செய்தனர். அங்கிருந்து மேற்கு மேட்டுக்குச் செல்ல, அன்று மாலை குளோரியா என்னும் இழுவண்டியில் ஏறினோம். அது ட்ராம் போலத் தோன்றினும் வேறு வகை. இரு வண்டிகளை ஒரே இரும்புக் கயிறு பிணைத்திருக்கும். ஒன்று இறங்கும் பாரம் மற்றதை ஏற்றும். கிணற்றிலே துலாவும் வாளியும் போலத்தான். 1885 இல் அமைத்தது. சில நிமிடங்களில் எங்களைச் சான் பேத்ரு மேடையில் இறக்கிவிட்டது. காலையில் நாங்கள் நின்ற குன்றும் அதன் உச்சியிலுள்ள கோட்டையும் எதிரே தெரிந்தன. "ஒரு படி ஏறேல்லை, இரண்டு மலை பார்த்தாச்சு" என்று மனைவி மகிழ்ந்தாள்.

மறுநாள் மீண்டும் 28 இல் மேற்கே சென்றோம். வழியிற் கமோயிஷ் என்னும் பெருங்கவிஞரின் சிலை நிற்கிறது. 1572 இல் அவர் வெளியிட்ட காவியத்தின் முதற் செய்யுளிலேயே இலங்கை, தப்ரொபானா என்னும் பெயரோடு வருகிறது. அப்பாலும் சென்றார்கள் தம் நாட்டு மாலுமிகள் என்று பெருமை கூறுவதற்கு நமது தீவு அவருக்கு ஓர் எல்லைக்கல்லாயிற்று. சற்றுத் தள்ளிச் சாந்தா கத்தரீனா மேடையில், அக்காவியத்தில் வரும் அதமஸ்தோர் என்ற பூதத்தின் கற்சிலை, முகஞ் சுளித்துக் குந்தியிருக்கிறது. தென்னாபிரிக்க முனையில் கப்பல்களை மறித்து நிற்கும் பூதம் அது. "இன்னும் கொஞ்சம் பலமாய் மறிச்சிருக்கலாம்" என்றேன். மனைவி சிரித்துவிட்டாள். என் கசப்பு, பகிடியாகும் அளவுக்கு இளகியிருந்தது போலும்.

அங்கிருந்து பாராளுமன்றத்தையும் எஸ்த்ரேலா பேராலயத்தையும் தாண்டி வண்டி பிரசேரிஷ் மயானத்தில் முடிகிறது. அச்சொல்லுக்கு இன்பங்கள் என்று பொருள். இன்பங்களின் மயானம்! அவ்விடத்திலிருந்த பழைய மாதா கோயிலின் பெயர் அதுவாம். மயானத்தின் பெயரைக் கேட்டதும் மனைவி உள்ளே வர மறுத்துவிட்டாள்.

அன்று நான் போக எண்ணியிருந்த இடம் வேறு. நதிக்கரையோடு மேற்கே பெலேம் என்னுமிடத்துத் தொல்பொருட் சாலைக்குரியது, 1554 இல் லிஸ்பனில் அச்சான சிறு சமய நூல் ஒன்று. தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் அச்சிட்ட நூல். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் கொல்லத்தில் 1578 இல் வெளிவந்தது. அதற்கும் இருபத்து நான்கு ஆண்டு முந்தியது இது. நம் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் அதனை நேரிற் கண்டு 1950களில் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். ஆனால் தொல்பொருட் சாலை 2022 முதல் திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. அடிகளார் கண்டதை நான் காணக் கொடுத்துவைக்கவில்லை என்ற குறையோடுதான் திரும்பும் வண்டியில் ஏறினேன்.

கதிரை

மாலை ஏழு மணியிருக்கும். வெயில் இன்னும் சாயவில்லை. யூன் மாதத்தில் அங்கே ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறான். தொடக்கத்திலேயே ஏறியதால் எங்களுக்கு ஆசனம் கிடைத்தது. சமதரைக்கு வந்ததும் உல்லாசப் பயணிகள் வெள்ளம்போல ஏறினர். அவர்களுக்கிடையே ஒரு மூதாட்டி, கையில் இரு பைகள். ஒரு பையில் கீரைக்கட்டு. மற்றதில் நீண்ட பாண். வயது எண்பதிருக்கும். கம்பியைப் பிடித்து நின்றார். வண்டி வளைவிற் குலுங்கும்போதெல்லாம் அவரும் குலுங்கினார். அனைவரும் யன்னல் வழியே கோட்டையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அவரை எவரும் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் பார்க்கவில்லை. நானும் யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ" என்று மனைவி என் முழங்கையை இடித்தாள். எழுந்தேன். மூதாட்டியோ நாங்கள் இறங்கப் போவதாக எண்ணி வழிவிட்டு ஒதுங்கினார். என் ஆங்கிலம் அவருக்கு விளங்கவில்லை. மனைவி ஆசனத்தைக் கையாற் தட்டி, வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிப்பதுபோல, "கதிரை, கதிரை. இருங்கோ அம்மா" என்றாள்.

மூதாட்டியின் முகம் மலர்ந்தது. "கதெய்ரா!" என்று திருப்பிச் சொல்லி அமர்ந்தார்.

நான் திகைத்து நின்றேன். கதிரை போர்த்துக்கேயச் சொல் என்பதை நூலிற் படித்து மாணவருக்குச் சொன்னவன் நான். அதனைப் பயன்படுத்தும் அறிவு அவளுக்குத்தான் இருந்தது. அவளோ அது பிறமொழிச் சொல் என்று எண்ணிச் சொல்லவேயில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். நான் விஷயத்தை விளக்கியதும் அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. யன்னலைத் தொட்டு "யன்னல்" என்றாள். "ஷனெலா" என்றார் மூதாட்டி. பையிலிருந்த பாணைக் காட்டினாள். மூதாட்டி மூக்கால் ஓர் ஓசை எழுப்பி அதுவேதான் என்று தலையசைத்தார். சப்பாத்து என்றாள்; சப்பாத்து என்றே விடை வந்தது. மேசையும் அலுமாரியும் குசினியும் விறாந்தையும் வாங்கும் வண்டிக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பக்கத்தில் நின்றவர்களும் படம் பிடிப்பதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினர். எந்த நாடு என்று கைச்சாடையாற் கேட்டார். இலங்கை என்றேன், விளங்கவில்லை. சிலோன் என்றேன். "ஸெய்லாவ்!" என்று நெற்றியில் கை வைத்தார்.

கிராசா என்னும் தரிப்பில் அவர் இறங்கும்போது எங்களையும் இறங்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார். இறங்கினோம். ஒரு சிறு ஏற்றம். மூதாட்டி என் மனைவியின் கையைப் பற்றிக்கொள்ள, பைகளை நான் சுமக்க, பத்தடிக்கு ஒருமுறை நின்று, இருவரும் தத்தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி, தத்தம் மொழியில் முறையிட்டுக்கொண்டு ஏறினர். அந்த உரையாடலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மேலே, மலை மாதாவின் மேடை. நகரத்துக் காட்சிமேடைகளுள் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கோட்டை கூட எங்களுக்குக் கீழே தெரிந்தது. மேற்கே 1966 இற் கட்டிய செந்நிறத் தொங்குபாலம்; அதன் கீழே நதி கடலுக்குச் செல்லும் வழி. அங்குள்ள சிறு கோயிலுள்ளே கல்லாலான ஆசனம் ஒன்று இருக்கிறது. கருவுற்ற பெண்கள் அதில் அமர்ந்தெழுந்தாற் சுகப்பிரசவம் ஆகுமென்பது நம்பிக்கை. அதனையும் கைச்சாடையால் விளக்கி, "கதெய்ரா" என்று சொல்லிச் சிரித்தார் மூதாட்டி. பின்னர் பைகளை வாங்கிக்கொண்டு, மனைவியின் இரு கன்னங்களிலும் முத்தமிட்டு, ஒரு சந்தால் இறங்கிப் போய்விட்டார். அவருடைய பெயரைக் கேட்க மறந்துவிட்டோம்.

சூரியன் மறையும்வரை அங்கே இருந்தோம். கப்பல்கள் புறப்பட்ட நதி பொன்னிறமாகக் கிடந்தது. ஒருவர் பட்ட துன்பம் அவர் முன்னோர் செய்த தீங்கை அழித்துவிடுவதில்லை. 1619 ஐ 1755 கழித்துவிடாது. சரித்திரம் கூட்டல் கழித்தற் கணக்கன்று. திரும்பிப் போனாலும் நான் சங்கிலியன் கதையை அப்படியேதான் சொல்வேன். ஆயினும் கீரைக்கட்டோடு சந்தில் இறங்கிப் போன அந்த அம்மாவிடம் எனக்கு வசூலிக்க வேண்டிய கடன் எதுவுமில்லை என்பது தெளிவாயிற்று. அவருக்கு நான் பட்ட கடன்தான் ஒன்று உண்டு. அவர் நாள்தோறும் வீட்டுக்குப் போகும் வண்டியில், அவருக்குரிய ஆசனத்தில், நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னுரை

ஊர் திரும்பி ஓராண்டு கடந்தபின், 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆந் திகதி, நாங்கள் ஏறிய அந்தக் குளோரியா இழுவண்டி கயிற்றுப் பிணைப்பு அறுபட்டு, சரிவில் ஓடிக் கவிழ்ந்தது. 16 பேர் உயிரிழந்தனர். வண்டியின் தடுப்பை இயக்கும் ஊழியரும் அவர்களுள் ஒருவர். மற்றக் குன்றுகளின் இழுவண்டிகளும் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. செய்தியைத் தொலைக்காட்சியிற் பார்த்த மனைவி நெடுநேரம் பேசவில்லை. "அந்த அம்மா அதிலை போறவவோ?" என்று மட்டும் கேட்டாள். அவர் வீடு வேறு குன்றில் என்றேன். எழுந்து போய்ச் சாமி அறையில் விளக்கேற்றினாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

லிஸ்பன் போகும் அன்பர்கள் 28 ஆம் இலக்க ட்ராமில் அவசியம் ஏறுங்கள். யன்னலோரத்தில் இடம் பிடியுங்கள். இடையிடையே உள்ளேயும் திரும்பிப் பாருங்கள். பைகளோடு எவரேனும் நின்றால் எழுந்து, கதிரை என்று சொல்லுங்கள். அவர்களுக்கு விளங்கும்.